மெல்லிய தகடு வெட்ட மலிவான தகரக் கத்தரி போதுமா?

வீட்டில் தகடு வெட்டும் வேலை அடிக்கடி வருவதில்லை. வந்தால் அவசரமாக வரும். கதவின் கீழ்மூலையை எலி கடித்திருக்கும். அதன்மேல் ஒரு துண்டுத் தகரம் அடித்தாக வேண்டும். கூரைத் தகட்டில் ஆணி பிடுங்கிய இடம் ஒழுகும். பழைய அலமாரியின் முதுகுத் தகடு துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். ஒரு குழாய் நுழைவதற்கு மெல்லிய தகட்டில் வட்டம் போட வேண்டியிருக்கும். அப்போதுதான் இதை எதைக் கொண்டு வெட்டுவது என்ற கேள்வி எழும். வீட்டில் துணி வெட்டும் கத்தரிக்கோல் இருக்கும், மரம் அறுக்கும் ரம்பம் இருக்கும். இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது.

கருவிக் கடைக்குப் போனால் நான்கு வழிகள் முன்னால் நிற்கும். இருப்பதிலேயே விலை குறைந்த சாதாரணத் தகரக் கத்தரி. அதைவிடக் கூடுதல் விலையில், ஸ்பிரிங்கும் பூட்டும் வைத்த இரட்டை நெம்புக் கத்தரி. இரும்பு அறுக்கும் கை ரம்பமான ஹேக்சா. கடைசியாக, வேகமாகச் சுழலும் வட்டால் வெட்டும் மின்கருவியான ஆங்கிள் கிரைண்டர். மலிவானதை வாங்கினால் வீணாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், ஆண்டுக்கு நாலு தடவை வெட்டுவதற்கு எதற்குப் பெரிய செலவு என்ற யோசனை இன்னொரு பக்கம்.

நான் மலிவான கத்தரியில்தான் ஆரம்பித்தேன். அதைக் கொண்டு நிறைய வெட்டியிருக்கிறேன், ஒன்றைக் கெடுத்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அரை மில்லிமீட்டர் வரைக்குமான இரும்புத் தகடு, அதைவிடக் கொஞ்சம் தடித்த அலுமினியம், செம்பு, பித்தளை என்றால் மலிவான கத்தரி தாராளமாகப் போதும். ஆனால் வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும், வாங்கிய பிறகு ஒரு நட்டைச் சரிசெய்ய வேண்டும், அதால் எதை வெட்டக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மலிவுக் கத்தரி எரிச்சலைத்தான் தரும்.

முதலில் தடிமன்

எந்தக் கருவி என்று முடிவு செய்வதற்கு முன், வெட்டப்போகும் தகட்டின் தடிமன் தெரிய வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. "தகடுதானே" என்று வாங்கிவிட்டு, பிறகு கத்தரியைத் திட்டுகிறார்கள்.

தகட்டுக்கடையில் கேஜ் கணக்கில் பேசுவார்கள். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிதாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜ் முறையில் 26 கேஜ் என்றால் ஏறக்குறைய 0.46 மி.மீ. 24 கேஜ் 0.56 மி.மீ., 22 கேஜ் 0.71 மி.மீ., 20 கேஜ் 0.91 மி.மீ., 18 கேஜ் 1.22 மி.மீ. கேஜ் முறைகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. ஒரே எண் வெவ்வேறு முறையில் கொஞ்சம் வெவ்வேறு தடிமனைக் குறிக்கும். அதனால் மி.மீ. கணக்கில் கேட்டு வாங்குவதே நல்லது.

அளக்கக் கருவி இல்லையா? பிரிண்டரில் போடும் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும். ஐந்து தாளைச் சேர்த்துப் பிடித்தால் அரை மில்லிமீட்டர். அந்தக் கட்டையும் தகட்டின் ஓரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். எது தடிமன் என்று விரலுக்கே தெரிந்துவிடும். இன்னும் சரியாக வேண்டுமென்றால், தகட்டின் கழிவுத் துண்டுகள் பத்தை இறுக்கமாக அடுக்கி ஸ்கேலால் அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம்? கத்தரியின் இரண்டு அலகுகளும் சாய்வாகச் சந்திப்பதால், ஒரு நேரத்தில் தகட்டில் சின்ன முக்கோண அளவுதான் வெட்டுப்படுகிறது. தகடு இரண்டு மடங்கு தடித்தால் அந்த முக்கோணம் உயரத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்காகிறது. அதனால் தேவைப்படும் விசை ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிவிடும். அரை மி.மீ. தகட்டை வெண்ணெய் போல வெட்டிய கத்தரி ஒரு மி.மீ. தகட்டில் கல்லாக நின்றுவிடுவது இதனால்தான். கத்தரியில் குறையிருக்காது. நாம் அதனிடம் நான்கு மடங்கு வேலை கேட்டிருப்போம்.

உலோகத்தின் வகையும் சேர்ந்துகொள்ளும். அலுமினியம் எளிதில் வெட்டுப்படும். மெல்லிய இரும்பும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடும் அதற்கடுத்து. எவர்சில்வர் வேறு ரகம். அது வளைக்க வளைக்க, வெட்ட வெட்ட அந்த இடத்திலேயே மேலும் கடினமாகும். அதனால்தான் கத்தரியின் அட்டையில் இரும்புக்கு ஓர் எண்ணும் எவர்சில்வருக்கு அதைவிட மெல்லிய எண்ணும் போட்டிருப்பார்கள். இரட்டை நெம்புக் கத்தரிகளில் பொதுவாகச் சாதாரண இரும்புக்கு 18 கேஜ், எவர்சில்வருக்கு 22 கேஜ் என்று பார்க்கலாம். அது அந்தக் கருவியின் உச்சவரம்பு. ஒரு அடி நீளம், இரண்டு அடி நீளம் என்று கை வலிக்காமல் வெட்ட வேண்டுமென்றால் அந்தத் தடிமனில் பாதியை நம் வரம்பாக வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

சாதாரணக் கத்தரியா, இரட்டை நெம்பா?

சாதாரணத் தகரக் கத்தரி பார்க்கப் பெரிய கத்தரிக்கோல் மாதிரியே இருக்கும். நீண்ட பிடி, குட்டையான வாய், நடுவில் ஒரே ஒரு போல்ட். இதன் பலம் முழுவதும் பிடியின் நீளத்தில் இருக்கிறது. போல்ட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி நாம் அழுத்துகிறோம், தகடு போல்ட்டிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால் நம் விசை பத்து மடங்காகிறது. அதே தகடு வாயின் நுனியில், 6 செ.மீ. தள்ளி இருந்தால் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான். தடித்த தகட்டை வாயின் ஆழத்தில் வைத்து வெட்டு என்று தகர வேலைக்காரர்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

இரட்டை நெம்புக் கத்தரியில் இன்னொரு மூட்டும் சேர்ந்திருக்கும். பிடிகள் ஒரு நெம்பாகவும் அலகுகள் இன்னொரு நெம்பாகவும் வேலை செய்வதால், கருவி சின்னதாக இருந்தாலும் கைக்குப் பாரம் குறையும். விமானம் கட்டும் தொழிலில் அலுமினியத் தகடு வெட்ட உருவானது என்பதால் இதற்கு ஏவியேஷன் கத்தரி என்றே பெயர். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு தானே திறந்துகொள்ளும். வேலை முடிந்ததும் மூடி வைக்க ஒரு கொக்கியும் இருக்கும்.

இதில் மூன்று வகை உண்டு. வழக்கமாக மஞ்சள் பிடி நேராக வெட்டுவதற்கும் பெரிய வளைவுகளுக்கும். சிவப்பு நேராகவும் இடப்பக்கம் வளைத்தும் வெட்டும். பச்சை நேராகவும் வலப்பக்கம் வளைத்தும் வெட்டும். முதல்முறை வாங்குகிற பலர் நிறத்தை அலங்காரம் என்று நினைத்து, கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்துவிடுகிறார்கள். அப்புறம் பச்சையை வைத்துக்கொண்டு இடப்பக்கம் வளைக்கப் போராடுவார்கள். தகடு கத்தரியின் உடம்பில் முட்டி மடங்கும். மலிவு ரகங்களில் இந்த நிற வழக்கத்தை எல்லோரும் கடைப்பிடிப்பதும் இல்லை. ஒரு அட்டையில் வட்டம் வரைந்து வெட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் இலகுவாகத் திரும்புகிறது என்று தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் எது? வேலை பெரும்பாலும் நேர்கோடு என்றால் மலிவான சாதாரணக் கத்தரி. அதில் அமைப்பு எளிது. கெட்டுப்போவதற்குப் பாகங்கள் குறைவு. மலிவான இரட்டை நெம்புக் கத்தரியில் மூட்டுகள் கூடுதல், ஸ்பிரிங் கூடுதல், கொக்கி கூடுதல். செலவைக் குறைக்க வேண்டும் என்று செய்தவர்கள் அத்தனையிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்திருப்பார்கள். கொக்கி தளர்ந்து வெட்டும்போதே விழுந்து பூட்டிக்கொள்வது, ஸ்பிரிங் தெறித்துப் போவது, பிடியின் உறை வழுக்கிக் கழன்று வருவது, இந்த மூன்றையும் விலை குறைந்த இரட்டை நெம்புக் கத்தரிகளில் பார்த்திருக்கிறேன். அதனால் என் எண்ணம் இது: மலிவாக வாங்குவதென்றால் சாதாரணக் கத்தரியை வாங்குங்கள். இரட்டை நெம்புதான் வேண்டும் என்றால் இருப்பதிலேயே மலிவானதைத் தவிர்த்து, நடுத்தர விலைக்குப் போங்கள்.

வளைவு வேலைதான் அதிகம் என்றால் கதை மாறும். சின்ன வட்டத்தை நீண்ட நேர்வாய்க் கத்தரியால் வெட்ட முடியாது. அதற்குச் சிவப்போ பச்சையோ கட்டாயம் வேண்டும். வலதுகைக்காரர்கள் பலருக்குச் சிவப்பு வசதியாக அமையும். எனக்கும் அப்படித்தான்.

பல்லுள்ள அலகா, வழவழப்பான அலகா என்பது இன்னொரு கேள்வி. இரட்டை நெம்புக் கத்தரிகளில் அலகின் ஓரத்தில் நுண்ணிய பற்கள் இருக்கும். அவை தகட்டைக் கவ்விப் பிடித்து, வழுக்கி வெளியே வராமல் காக்கும். அதற்கு விலையாக வெட்டிய ஓரத்தில் வரிசையாகக் குட்டிக் கடித்தடங்கள் விழும். சாதாரணக் கத்தரியில் அலகு பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். ஓரம் சுத்தமாக வரும். இதைவிட முக்கியமான வித்தியாசம், வழவழப்பான அலகை வீட்டிலேயே கல்லில் தீட்டிக்கொள்ளலாம். பல்லுள்ளது மழுங்கினால் மழுங்கியதுதான்.

மலிவில் குறை எங்கே இருக்கும்?

விலை குறைந்த கத்தரி வெட்டாமல் போவதற்கு எஃகு மட்டமாக இருப்பதுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் கைக்கு வந்தவற்றில் முதல் காரணம் நடு போல்ட்தான். அது தளர்வாக இருந்தால் இரண்டு அலகுகளுக்கும் நடுவே இடைவெளி விழும். மெல்லிய தகடு அந்த இடைவெளிக்குள் படுத்துக்கொள்ளும். வெட்டுப்படுவதற்குப் பதில் மடங்கி, இரண்டு அலகுக்கும் நடுவே ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். பிடியை அழுத்த அழுத்த அலகுகள் இன்னும் விலகும். வெளியே இழுத்துப் பார்த்தால் தகட்டின் ஓரம் மென்று துப்பியது போல நசுங்கி இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை இதுதான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வாயின் ஆழத்திலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் வெட்டிப் பாருங்கள். முழு நீளத்துக்கும் சுத்தமாக வெட்டினால் நல்லது. நுனியில் மட்டும் தாள் மடங்குகிறதா? நட்டை ஸ்பேனரால் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு இறுக்குங்கள். திரும்ப வெட்டுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் ஒரு கட்டத்தில் தாள் நுனிவரை வெட்டுப்படும். பிடி மட்டும் கொஞ்சம் கனக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். பிடியைத் திறந்து மூடும்போது அலகு அலகோடு உரசும் மெல்லிய "ஸ்ஸ்" சத்தம் கேட்க வேண்டும். கை திணறக் கூடாது. போல்ட்டில் ஒரு துளி எண்ணெய் விட்டால் அந்தத் திணறலும் போகும். தகட்டைக் கடிக்க மறுத்த கத்தரி இந்த ஐந்து நிமிட வேலைக்குப் பிறகு ஒழுங்காக வெட்டுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன்.

இதற்காகவே, வாங்கும்போது நடுவில் நட்டும் போல்ட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அடித்து நசுக்கிய ரிவெட் வைத்த கத்தரியை இறுக்க வழியில்லை. விலை இன்னும் குறைவு என்றாலும் அதை வாங்காதீர்கள்.

கடையிலேயே வேறு சிலவற்றையும் பார்த்துவிடலாம். வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓரத்தில் எங்காவது பொட்டு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அங்கே கூரில் பள்ளம் இருக்கிறது. பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கிடுகிடு என்று ஆடினால் துளையே பெரிதாகப் போயிருக்கலாம், நட்டை இறுக்கினாலும் சரியாகாது. முழுக்க மூடும்போது பிடிகளுக்கு நடுவே விரல் நசுங்காத இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். தகடு திடீரென்று வெட்டுப்பட்டு முடியும்போது உள்ளங்கைச் சதை அங்கே சிக்கும். அடித்து உருவாக்கிய எஃகு, தகட்டில் குத்தி எடுத்த எஃகைவிடப் பலமானது. குத்தி எடுத்ததில் உடம்பு முழுக்க ஒரே தடிமனாகத் தட்டையாக இருக்கும். அடித்து உருவாக்கியதில் போல்ட்டைச் சுற்றிப் பருத்தும் நுனிக்குப் போகப்போக மெலிந்தும் இருக்கும். பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

எஃகின் தரம் இரண்டாவது. மலிவுக் கத்தரியின் கூர் சீக்கிரம் மழுங்கும், உண்மைதான். ஆனால் ஆண்டுக்குச் சில மீட்டர் மெல்லிய தகடு வெட்டுகிறவருக்கு அந்த மழுங்கல் தெரிய வெகு நாளாகும். கூரைக் கெடுப்பது தகடு இல்லை, கம்பி. நான் கெடுத்த கத்தரியும் அப்படித்தான் போனது. தகடு வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு எஃகுக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் கட்டிங் பிளேயர் எடுத்துவரச் சோம்பல்பட்டு, கையிலிருந்த கத்தரியாலேயே ஒரு கடி கடித்தேன். கம்பி அறுந்தது. அலகில் நெல்மணி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. அதன்பிறகு வெட்டிய ஒவ்வொரு தகட்டிலும் சரியாக அந்த இடம் வரும்போது தகடு கிழிந்து ஒரு முள் நின்றது. இரண்டு அங்குலத்துக்கு ஒரு முள். ஆணி, ஸ்பிரிங் கம்பி, ரம்பத் தகடு, வெல்டிங் போட்ட இடம், இவற்றின்மேல் தகரக் கத்தரி படவே கூடாது. மலிவானதற்கு மட்டுமில்லை, விலை உயர்ந்ததற்கும் இதே விதிதான்.

மற்ற வழிகள்

ஹேக்சா பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். அதை வைத்தே தகட்டை அறுத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. குழாய்க்கும் கம்பிக்கும் ஆங்கிள் பட்டைக்கும் அதுதான் சரியான கருவி. தகட்டுக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் பல்லின் அளவு. அறுக்கும் பொருளின் தடிமனுக்குள் எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது பட வேண்டும் என்பது பட்டறை விதி. கடையில் கிடைக்கும் நெருக்கமான பிளேடில் அங்குலத்துக்கு 32 பற்கள்; அதாவது பல்லுக்குப் பல் ஏறக்குறைய 0.8 மி.மீ. அரை மி.மீ. தகடு ஒரு பல் இடுக்குக்குள்ளேயே விழுந்துவிடும். பல் மாட்டி இழுக்கும், தகடு அதிரும், பல் உடையும். இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே தகட்டை இறுக்கி, மரத்தோடு சேர்த்து அறுத்தால் சுத்தமாக வரும். எப்போதாவது ஒரு வெட்டு என்றால் அப்படிச் செய்யலாம். அதோடு ஹேக்சா சட்டத்தின் ஆழத்துக்கு மேல் தகட்டின் நடுவுக்குள் போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆங்கிள் கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "கத்தரி எதற்கு, ஒரு கிரைண்டர் வாங்கினால் எல்லாவற்றையும் வெட்டலாம்" என்று ஆலோசனை சொல்பவர்கள் அதிகம். 1 மி.மீ. தடிமனுள்ள கட்டிங் வீல் போட்டால் அது இரும்பை வேகமாக வெட்டும் என்பதில் சந்தேகமில்லை. 1 மி.மீ.க்கு மேல் தடித்த தகடு, சதுரக் குழாய், கம்பி என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். மெல்லிய தகட்டுக்கு எடுக்கமாட்டேன். காரணம் மூன்று.

தகடு மெலிந்து ஆடுவதால் வீல் நடுவில் சிக்கிக்கொள்ளும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் கருவி சிக்கினால் கையிலிருந்து பின்னோக்கி எகிறும், அல்லது வீல் சிதறும். அனுபவமில்லாத கைக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. இரண்டாவது, சூடு. துத்தநாகம் ஏறக்குறைய 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கிரைண்டர் வெட்டும் ஓரத்தில் ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சும், வண்ணத் தகட்டின் பெயிண்டும் கருகிப்போகும். எது அந்தத் தகட்டைத் துருவிலிருந்து காக்கிறதோ அதையே வெட்டும்போது எரித்துவிடுகிறோம். கத்தரியின் வெட்டில் சூடே இல்லை. ஓரத்தில் வெறும் இரும்பு தெரிந்தாலும் இரண்டு பக்கப் பூச்சும் வெட்டு விளிம்புவரை முழுதாக நிற்பதால், மெல்லிய தகட்டில் அந்த ஓரத்தையும் துத்தநாகம் ஓரளவு காக்கும். மூன்றாவது, தீப்பொறி. கிரைண்டரிலிருந்து பறக்கும் ஒவ்வொரு பொறியும் சூடான இரும்புத் துகள். அது பக்கத்துத் தகட்டின் பெயிண்டில் போய் ஒட்டிப் புதைந்துகொள்ளும். சில மழைக்குப் பிறகு அந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு எழும். வண்ணக் கூரைத் தகடு செய்கிற நிறுவனங்களே கிரைண்டரால் வெட்டாதீர்கள் என்று எச்சரிப்பது இதனால்தான். சூடாகும் துத்தநாகத்தின் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் போல உடம்பு முறித்துப் போடும் என்பதும் சேர்த்துக்கொள்ள வேண்டியது.

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் மின் ரம்பமான ஜிக்சாவில் உலோக பிளேடு போட்டு வெட்டலாம். தகட்டைப் பலகையோடு இறுக்கிப் பிடிக்காவிட்டால் அதிர்ந்து மடங்கும். நிப்ளர் என்று ட்ரில்லில் மாட்டும் கருவி ஒன்று உண்டு. அது தகட்டைப் பிறை வடிவில் சின்னச் சின்னத் துணுக்குகளாகக் கடித்து எடுத்துக்கொண்டே போகும். நெளிவுத் தகட்டை ஒரு முழுக் கூரைக்கு வெட்டுகிறவருக்கு அது அருமையான கருவி. ஒரு துண்டு வெட்டுகிறவருக்குத் தேவையில்லை.

செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. மெல்லிய அலுமினியத் தகட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை நேர்கோட்டில் பிரிக்க வேண்டும் என்றால் ஸ்கேல் வைத்து, கூரான கத்தியால் ஒரே கோட்டில் ஏழெட்டு தடவை ஆழமாகக் கீறுங்கள். கோட்டை மேசை விளிம்பில் வைத்து இப்படியும் அப்படியும் நாலு தடவை மடக்கினால் தகடு உடைந்து பிரியும். கத்தரியைவிட நேரான ஓரம் கிடைக்கும். இரும்புத் தகட்டில் இது இவ்வளவு எளிதாக நடக்காது.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, கோடு போட்டுப் பட்டறையில் கொடுத்துவிடுவதும் ஒரு வழிதான். நீளமான, துல்லியமான நேர்வெட்டு பல வேண்டும் என்றால் அங்கே உள்ள பெரிய ஷியரிங் மெஷின் ஒரே அழுத்தில் வெட்டித் தந்துவிடும். எந்தக் கைக்கத்தரியும் அந்த நேர்த்திக்கு வராது.

கத்தரி கையில் வந்த பிறகு

கருவியைத் தேர்ந்தெடுப்பதோடு இந்த ஒப்பீடு முடிந்துவிடாது. மலிவுக் கத்தரியும் நல்ல கத்தரியும் வேறுபடுவதில் பாதி, வெட்டும் கையில்தான் இருக்கிறது.

வெட்டும்போது வாயை முழுக்க மூடாதீர்கள். நுனிக்கு ஒரு செ.மீ. இருக்கும்போதே நிறுத்தி, திறந்து, தகட்டை வாயின் ஆழம்வரை தள்ளி, அடுத்த வெட்டைத் தொடருங்கள். முழுக்க மூடினால் நுனி பட்ட இடத்தில் குறுக்கே ஒரு சின்னக் கிழிசல் விழும். அடுத்த வெட்டு அதிலிருந்து கோணலாகப் போகும். கையை வெட்டும் முள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்கும்.

ஒரு பெரிய தகட்டின் நடுவே வெட்டிக்கொண்டு போகும்போது இரண்டு பக்கத் தகடும் கையில் முட்டும். கோட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி முதலில் முரட்டுத்தனமாக வெட்டி, பெரும்பகுதியை அப்புறப்படுத்திவிடுங்கள். பிறகு கோட்டின்மேல் வெட்டினால், மிஞ்சிய மெல்லிய பட்டை நெளிந்து சுருண்டு விலகிப் போகும். நல்ல பகுதி தட்டையாகவே நிற்கும். இரண்டு தடவை வெட்டுவது வீண் வேலை மாதிரித் தெரியும். மலிவுக் கத்தரியில் சுத்தமான ஓரம் எடுக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி இதுதான்.

தகட்டின் நடுவில் வட்டத் துளை வேண்டுமென்றால், வட்டத்துக்குள் கத்தரியின் வாய் நுழையும் அளவுக்கு முதலில் ட்ரில்லால் ஒரு துளை போடுங்கள். பெரிய பிட் இல்லாவிட்டால் சின்னத் துளைகள் நாலைந்தை ஒட்டி ஒட்டிப் போட்டு உளியால் இணைக்கலாம். அங்கிருந்து நத்தை ஓட்டைப் போலச் சுற்றிச் சுற்றிக் கோட்டை நெருங்குங்கள். சிவப்புக் கத்தரி என்றால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். பச்சை என்றால் முள்ளின் திசையில். நேராகப் போய்க் கோட்டில் திரும்ப முயன்றால் தகடு கட்டாயம் மடங்கும்.

கோடு போட மார்க்கர் போதும். துல்லியம் வேண்டுமென்றால் ஆணி நுனியால் கீறலாம். வெளியே மழையில் இருக்கப்போகும் தகட்டில், வெட்டுக்கோடு தவிர வேறெங்கும் கீறாதீர்கள். பூச்சு போன இடத்தில் துரு ஆரம்பிக்கும்.

கை உறை இல்லாமல் தகடு தொடவே வேண்டாம். இதை வழக்கமான எச்சரிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். கத்தரி வெட்டும் காயத்தைவிடத் தகடு வெட்டும் காயம்தான் இந்த வேலையில் அதிகம். குறிப்பாகச் சுருண்டு விழும் மெல்லிய பட்டைகள். அவை ஸ்பிரிங் போலத் துள்ளி மணிக்கட்டில் கோடு இழுத்துவிடும். கனமான துணி அல்லது தோல் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலில் மூடிய செருப்பு. வெட்டி முடித்ததும் ஓரத்தை அரத்தால், வெட்டுக்கு நெடுக்காக, லேசாக இரண்டு இழு இழுத்தால் பிசிறு போய்விடும். கழிவுப் பட்டைகளைக் குப்பையில் அப்படியே போடாமல் ஒரு பழைய டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தால் குப்பை அள்ளுகிறவர் கைக்கும் பாதுகாப்பு.

வழவழப்பான அலகு மழுங்கிவிட்டால், போல்ட்டைக் கழற்றிச் சரிவாக இருக்கும் முகத்தை மட்டும் எண்ணெய்க் கல்லில் அதே சாய்வில் தீட்டுங்கள். இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரசும் தட்டை முகத்தில் சரிவு விழவே கூடாது. அங்கே சரிவு விழுந்தால் இடைவெளி நிரந்தரமாகிவிடும். எவ்வளவு இறுக்கினாலும் தகடு மடங்கத்தான் செய்யும்.

நான் இப்போது வைத்திருப்பது இரண்டு. ஒன்று, அந்தப் பள்ளம் விழுந்த கத்தரிக்குப் பதிலாக வாங்கிய அதே மலிவு ரகச் சாதாரணக் கத்தரி. நட்டை இறுக்கி, தீட்டி, பல வேலைகள் பார்த்தாயிற்று. இன்னும் தாளை நுனிவரை வெட்டுகிறது. இன்னொன்று நடுத்தர விலையில் வாங்கிய சிவப்புப் பிடி இரட்டை நெம்பு. அதை வட்டத்துக்கும் எவர்சில்வருக்கும் மட்டும் எடுக்கிறேன். முதலிலேயே இரண்டையும் வாங்கியிருக்கத் தேவையில்லை. ஒரு வட்டம் வெட்ட வேண்டிய நாள் வந்தபோதுதான் இரண்டாவதை வாங்கினேன். நீங்களும் நேர்வாய்க் கத்தரியில் தொடங்கி, அதால் முடியாத வேலை எது என்று தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போகலாம். பள்ளம் விழுந்த பழையதையும் தூக்கி எறியவில்லை. அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் பட்டையும் வெட்ட அது இன்னும் உதவுகிறது.